ஊர் முழுக்க என் தும்மல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, என் மூக்கு மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் திறக்கப்போகும் இரண்டாவது திரைச்சீலைக் கடைக்கு முதலில் என் வாழ்த்துகள். பழைய கடையின் கண்ணாடிக் கதவில், ஆள் உள்ளே வந்தால் அடிக்கிற சின்ன மணி ஒன்று தொங்குகிறதே, அதேபோல் ஒன்றைப் புதுக் கடைக்கும் வாங்கியிருப்பதாக மகள் சொன்னாள். நல்ல காரியம். வியாபாரம் பெருகி அந்த மணிக்கு ஓய்வே இல்லாமல் போகட்டும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். சொல்லலாம்தான். ஆனால் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் 'கடையில ஆள் நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்' என்று தாங்கள் வைத்துவிடுவது வழக்கம். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது மேசை மேலேயே கிடந்து தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் போன வாரம் திறப்பு விழா அழைப்பிதழோடு வந்தாள். கொடுத்த பிறகும் கிளம்பாமல், கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "அப்பா, மாமா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னைக்கு நீங்களும் அம்மாவும் கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்கிட்டா நல்லா இருக்கும்னாரு. மைக் பக்கம் வேணாமாம்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த வீட்டார் பின்வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கேட்டாள். அந்தப் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. கல்யாண வரவேற்பில் தாங்கள் மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற நான் தும்மினேன். மறுக்கவில்லை. அந்த வீடியோவை இன்று போட்டுப் பார்த்தாலும் தாங்கள் வாயைத் திறக்கிறீர்கள், என் தும்மல் வெளியே வருகிறது. அதற்காகத் தாங்கள் அன்று கைக்குட்டையால் மைக்கைத் துடைத்துவிட்டு, அத்தனை பேர் கேட்க, "மனசு வெச்சா அடக்க முடியாததுன்னு ஒண்ணும் இல்ல சம்பந்தி" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அன்றிலிருந்து தங்கள் வீட்டில் எனக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், நான் ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. இருந்தாலும் எழுத உட்கார்ந்தால் தானாக வருகிறது.

அடக்குவதைப் பற்றி என்னிடம் போய்ச் சொன்னீர்களே சம்பந்தி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் நூலகத்தில் வேலை பார்த்தவன். 'அமைதி' என்று எழுதிய பலகை என் நாற்காலிக்கு நேர் மேலே தொங்கியது. சத்தம் போடுகிறவர்களை முறைப்பதுதான் என் வேலையில் பாதி. ஆனால் புத்தகம் என்றால் தூசி, தூசி என்றால் என் மூக்கு. தும்மல் வருகிற மாதிரி இருந்தால் எழுந்து, எதையோ தேடுகிறவன் போல நடந்து, யாரும் எட்டிப்பார்க்காத பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடக்கும் மூலைக்குப் போவேன். அங்கே அலமாரிக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் மூக்கை அழுத்திக்கொள்வேன். தும்மல் உள்ளேயே வெடிக்கும். காது அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, முதுகு ஒரு குலுக்குக் குலுக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காதவன் போல வந்து உட்காருவேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் இப்படித்தான். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கதவைச் சாத்திவிட்டு ஒரு தும்மல் தும்மினேன் பாருங்கள், என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அதற்குப் பிறகு நான் எதையும் அடக்குவதில்லை.

சரி, கதை இனிமேல்தான். மகள் வந்துபோன மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மாத்திரை எடுக்கத் திரும்பிய நேரம், எங்கிருந்தோ ஒரு தும்மல். முதலில் நீளமாக ஒரு மூச்சு உள்ளே போகிறது, அப்புறம் வருமா வராதா என்று ஒரு இழுபறி, அப்புறம் இடி, கடைசியில் 'டிங்' என்று ஒரு மெல்லிய சத்தம். எனக்கு வந்த தும்மல் என்றே நினைத்து, பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்ற அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, அவரு போன்தான் அடிக்குது" என்றார். பார்த்தால் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து யாரிடமோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மாத்திரையை வாங்காமலே வெளியே வந்து, மனதைத் தேற்றிக்கொள்ள முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் முகமெல்லாம் நுரையைப் பூசி, கத்தியைத் தாடைக்கு அடியில் வைத்த சமயத்தில், கண்ணாடிக்குக் கீழே இருந்த அவருடைய போன் தும்மியது. அதே மூச்சு, அதே இழுபறி, அதே இடி, அதே டிங். நான் துள்ளினேன். நல்லவேளை, அந்த மனிதருக்குக் கை நிதானம். "அசையாதீங்க சார், வெறும் ரிங்டோன்தான்" என்றார். "அது ரிங்டோன் இல்லப்பா, அது நான்" என்றேன். நுரைக்குள்ளிருந்து சொன்னதால் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது, கழுத்தைத் திருப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. நான் வெளியே போயிருப்பது தெரியாமல் என் மனைவி வெந்நீர் போட்டு ஆவி பிடிக்கத் துண்டோடு காத்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து நான் ஓயாமல் தும்முவது அவளுக்குக் கேட்டதாம். குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே இல்லாத என்னைத் திட்டி, மாத்திரை போடச் சொல்லி, பதில் வராததால் கோபித்துக்கொண்டும் இருக்கிறாள். தும்மியது நான் இல்லை, இதோ இப்போதும் மேலேயிருந்து கேட்கிறதே, மேல்மாடி வீட்டுக்காரரின் போன் என்று விளங்க வைப்பதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது. விளங்கின பிறகு அவள் கேட்ட ஒரே கேள்வி: "உங்க தும்மல எதுக்கு அவங்க வெச்சிருக்காங்க?" நியாயமான கேள்விதான். எனக்கும் அப்போது பதில் தெரியாது, கோபம் மட்டும் தெரியும். ஒரு மனுஷனின் தும்மலைத் திருடி ஊரெல்லாம் சிரிக்க வைத்திருக்கிறார்களே என்று கொதித்துப்போய், கடைத்தெருவில் உள்ள செல்போன் கடைக்குச் சண்டை பிடிக்கக் கிளம்பினேன்.

அங்கேதான் சம்பந்தி, என் தலையெழுத்து மாறியது. கடைக்காரரிடம் அந்தத் தும்மல் யாருடையது தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதக் கேக்கறீங்களா சார், இப்ப அதுதான் ஓடுது. பாட்டு, மியூசிக் எதுவும் யாருக்கும் வேணாம். வர்றவங்க எல்லாம் தும்மல் இருக்கா, தும்மல் இருக்கான்னுதான் கேக்கறாங்க. யாரோ எதோ குரூப்ல போட்டிருக்காங்க, பத்திக்கிச்சு. யாரு பெத்த புள்ளையோ, என்ன தும்மல் சார் அது" என்றார். சண்டைக்கு வந்தது எனக்கு மறந்தே போயிற்று. என் வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது என்னுடையதுதான் என்றேன். கடையில் இருந்த நாலு பேர் திரும்பினார்கள். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆகவே அங்கே அடுக்கியிருந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து முகத்துக்கு நேரே ஒரு தட்டுத் தட்டினேன். என் மூக்கு என்னைக் கைவிடவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் இருந்த சாமான்கள் ஒரு ஆட்டம் ஆடி நின்றன. கைதட்டினார்கள் சம்பந்தி. கடைக்காரர் மட்டும், "போன்ல வர்றது கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும், உங்களுது கட்டையா இருக்கே சார்" என்று இழுத்தார். இத்தனூண்டு போனுக்குள்ளிருந்து வந்தால் கீச்சென்றுதான் இருக்கும் என்று விளக்கினேன், ஒப்புக்கொண்டார். கடைசியில் வரும் அந்த டிங் கூட எனக்கு விளங்கிவிட்டது. வரவேற்பு மேடையில் தங்கள் கைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தம்ளர் ஒன்று இருந்ததல்லவா, அது என் தும்மலில் அதிர்ந்து எழுப்பிய ஓசைதான் அது. ஆக, அந்த வீடியோவிலிருந்துதான் யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். மகளாக இருக்கும், இல்லை மாப்பிள்ளையாக இருக்கும். நான் கேட்கவில்லை. பெரியவர்கள் ஒதுக்கி வைத்ததைப் பிள்ளைகள் எடுத்துக் கொண்டாடுகிறார்கள் என்று எண்ணி, திரும்பும் வழியெல்லாம் கண் கலங்க நடந்து வந்தேன்.

அதன் பிறகு என் நடையே வேறு. எங்கள் குடியிருப்பில் லிப்டில் ஏறினால் இடம் விடுகிறார்கள். முன்னெல்லாம் தொற்றிக்கொள்ளும் என்று விலகுவார்கள், இப்போது மரியாதைக்கு விலகுகிறார்கள். சங்கச் செயலாளர் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு என்னை, "இவருதான் அந்தத் தும்மல்காரர்" என்று அறிமுகம் செய்கிறார். எதிர்வீட்டு அம்மா, குப்பைத்தொட்டி வைத்த தகராறில் என் மனைவியோடு பேச்சை நிறுத்தியவர், வலிய வந்து, வீட்டுக்காரர் எப்பவுமே இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து" என்று என் மனைவி சொன்னாளாம், தலையை நிமிர்த்திக்கொண்டு. என் தும்மலுக்காக அவள் தலை நிமிர்ந்தது இதுவே முதல் தடவை. வங்கி வரிசையில் நிற்கும்போது ஒரே சமயத்தில் மூன்று மூலைகளிலிருந்து நான் தும்மினேன். மேனேஜர் அறையிலிருந்தும் ஒன்று கேட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பழைய ஞாபகத்தில் நூலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இப்போது ஒரு பெண் இருக்கிறார். நல்ல கண்டிப்பு. பக்கத்தைப் புரட்டுகிற சத்தத்துக்கே நிமிர்ந்து பார்ப்பார். எல்லோரும் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அப்போது அந்தப் பெண்ணின் மேசை இழுப்பறைக்குள்ளிருந்து ஆரம்பித்தது. முதலில் அந்த நீளமான மூச்சு. அவர் பதறிப்போய் இழுப்பறையை இழுக்கிறார், அது சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. என் காலத்திலேயே அது அப்படித்தான், கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். அதற்குள் இழுபறி முடிந்து இடி இறங்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, அந்தப் பக்கம் கூப்பிட்டவர் விடாக்கண்டர் போலிருக்கிறது, திரும்பத் திரும்ப. படிக்கிற கூடம் முழுவதும் தும்மல். சுவர் சுவராக எதிரொலித்தது. நான் எழுந்து போய் இழுப்பறையைத் தூக்கி இழுத்துக் கொடுத்துவிட்டு, கூடத்தைப் பார்த்து, "மன்னிக்கணும், அது நான்தான்" என்றேன். தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர், என் காலத்திலிருந்தே வருகிறவர், முதலில் கைதட்டினார். அப்புறம் எல்லோரும். அதட்ட வேண்டிய அந்தப் பெண்ணே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன், 'அமைதி' பலகை அங்கேயேதான் தொங்கியது. அந்த மூலை அலமாரிக்குப் பின்னால் நான் விழுங்கின தும்மல் அத்தனையும் வட்டியோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. சந்தோஷமாக இருந்தது சம்பந்தி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆகவே தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், திறப்பு விழாவில் நானும் என் மனைவியும் முன்வரிசையில்தான் உட்காருவோம். மைக்குக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. தாங்கள் பேசும்போது எனக்குத் தும்மல் வந்தால் தும்முவேன். வந்திருப்பவர்கள் அதைக் கேட்கக் கொடுத்துவைத்தவர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். தங்கள் பேச்சுக்கும் அன்றைக்கு முதல் தடவையாகக் கைதட்டல் கிடைக்கும். மனசு வைத்தால் அடக்கலாம் என்கிற அறிவுரையை இனி என் மூக்குக்குச் சொல்ல வேண்டாம், அது இப்போது தனி மனுஷனுடைய மூக்கு இல்லை, பொதுச்சொத்து. என்னை ஜன்னலோரம் உட்கார வைப்பதானால் ஊர் ஜனங்களுக்குத் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாக எடுத்துக்கொள்ளவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள் எப்போதும் உண்டு. புதுக் கடையும் தாங்களும் நீண்ட காலம் நன்றாக இருக்க வாழ்த்தி, நல்ல சுவாசத்துடன்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டின பிறகு மகள் வந்தாள். பெருமை தாங்காமல் கடிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால், முகம் வெளிறி, மறுபடி அந்தக் கைப்பை ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அது நீங்க இல்லப்பா. அது மாமா" என்றாள். எனக்குப் புரியவில்லை. நடந்தது இதுதானாம். துணித் தூசியில் தங்களுக்குத் தும்மல் வந்தால், வாடிக்கையாளர்கள் முன்னால் தும்மக்கூடாது என்று பின்பக்கம் போய், திரைத்துணிச் சுருள்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நின்று தும்மிவிட்டு வருவீர்களாம். மாப்பிள்ளை ஒருநாள் விளையாட்டாக அதைப் பதிவு செய்து, தாங்கள் கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற மாதிரி தன் போனில் வைத்துக்கொண்டிருக்கிறார். சிநேகிதர்கள் கேட்டு வாங்க, அது ஊரைச் சுற்றிவிட்டது. தங்கள் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று பிள்ளைக்குச் சரியான தூக்கம் இல்லையாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் போனில் அதைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மூச்சு, இழுபறி, இடி. கடைசியில் டிங். அது கண்ணாடித் தம்ளர் இல்லை. தங்கள் கடைக் கதவின் மணி. யாரோ திரைச்சீலை வாங்க உள்ளே வந்திருக்கிறார்கள்.

கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் உறையைப் பிரித்தேன். ஆனால் அந்தச் சுருள்களுக்குப் பின்னால் தாங்கள் நிற்பதை நினைத்ததும் கிழிக்கக் கை வரவில்லை. காது அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவர் போலத் திரும்பி வருவீர்கள். எனக்குத் தெரியும் சம்பந்தி. இவ்வளவு காலமா நீங்களுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளையை ஒன்றும் சொல்ல வேண்டாம். ஊருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், எல்லோரும் என்னுடையது என்றே நம்புகிறார்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். முன்வரிசை மட்டும் எனக்கு வேண்டும். முன்பு கேட்டது எனக்காக, இப்போது கேட்பது உங்களுக்காக. புதுக் கடையில் புதுத் துணி, தூசி இல்லாமலா இருக்கும்? மைக் முன்னால் நின்று பேசும்போது தும்மல் வந்தால் அடக்காதீங்க. நல்லா வாய் விட்டுத் தும்முங்க. நான் உடனே எழுந்து கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.